ஏற்காடு பஸ்ஸுக்கு அடுத்த புத்தகம் எது?

கேள்வி (அஸ்தம்பட்டி):
நாங்க நாலு பேருங்க. மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை ஏற்காடு போயி, ஏரிக்கரையில உக்காந்து புத்தகம் மாத்திக்குவோம். 20 கொண்டை ஊசி வளைவுலயும் படிச்சா தலை சுத்தும். அதனால பஸ்ஸுல பேச்சு மட்டுந்தான். போன தடவை என் கைக்கு வந்தது ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டத்துல டாக்டரா இருந்த பி.எச்.டேனியல் தோட்டத் தொழிலாளிங்க பட்ட பாட்டைப் பத்தி 1969-ல் இங்கிலீஷ்ல எழுதின நாவல், தமிழாக்கம் இரா.முருகவேள். முடிச்ச ராத்திரி தூக்கமே வரல. இப்பல்லாம் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்தைப் பார்த்தா, பழம் பறிக்கிற அந்தக் கைவிரலைத்தான் கண்ணு தேடுது. அடுத்து எதைக் கொண்டு போகட்டும்?

பதில் (சூரமங்கலம்):
பெருமாள்முருகனோட ‘கூளமாதாரி’ எடுங்க. ஆடு மேய்க்கிற பசங்க கதை, நம்ம பக்கத்துப் பேச்சு. சத்தமா வாசிச்சுப் பாருங்க, எங்க அப்பாரு பேசற மாதிரியே கேட்டுச்சு எனக்கு.

பதில் (வாழப்பாடி):
எதைக் குடுத்தாலும் கடைசிப் பக்கத்துல பென்சில்ல தேதி போட்டுக் குடுங்க. எங்க கூட்டத்துல ஒரு புத்தகத்துல ஏழு தேதி இருக்கு.

அஸ்தம்பட்டி:
சூரமங்கலம் அண்ணா, கூளமாதாரியே எடுத்துக்கறேன். பென்சிலும் பையில போட்டாச்சு.