சர்வதேசக் கல்வி முதுகலை: வகுப்பில் உட்காருவது யார்?

வடகாற்று:
மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது, வருகிறவர்களைக் கவனிப்பது, வளரும் நாடுகளின் பள்ளித் திட்டங்கள். இந்த வேலைகளுக்கான படிப்புதான் சர்வதேசக் கல்வி முதுகலை. பெயரில் உலகமே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வார்ப்பு: பெண்கள், இருபதுகளில் இருப்பவர்கள், இளங்கலையிலேயே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள். சேர்க்கையின்போது வெளிநாட்டு அனுபவம் இருந்தால் நல்லது என்பார்கள். அந்த அனுபவத்துக்கு டிக்கெட் எடுத்தது யார்? அப்பா.

எறும்பு:
பெண்கள் அதிகம் என்பது ஒரு குறையா? கல்வித் துறையில் எந்த முதுகலையை எடுத்தாலும் அங்கே அப்படித்தான். வெளிநாடு போய்ப் படிக்கும் அமெரிக்க மாணவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், பல வருடங்களாக இதே கதை. அங்கிருந்துதானே இங்கே ஆள் வரவேண்டும்?

அப்பா காசு என்பதும் முழுசாகச் சரியில்லை. 1961இல் தொடங்கிய பீஸ் கோர் இருக்கிறது, அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டம். 27 மாதம் வேறொரு நாட்டில் வேலை. திரும்பி வந்தால் கவர்டெல் ஃபெலோஷிப் வழியாகப் படிப்புக் கட்டணத்தில் சலுகை. வெர்மாண்டில் உள்ள எஸ்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனம் 1964இல் தொடங்கியதே பீஸ் கோர் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான்.

வடகாற்று:
27 மாதம் படிக்காசில் ஓட்ட எல்லாராலும் முடியுமா? கல்விக் கடனைத் தள்ளிப்போடலாம், சரி. வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பவேண்டிய பணத்தை எங்கே தள்ளிப்போடுவது?

மூன்றாம்பெஞ்சு:
இரண்டு பேரும் அமெரிக்கர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 2023-24இல் அந்த நாட்டில் 11 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டு மாணவர்கள், அதில் 3.31 லட்சம் பேர் இந்தியர்கள். முதலிடம் நமக்குத்தான். இந்தப் படிப்பில் மட்டும் நம்மாட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

காரணம் விசாவில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் படித்த துறையில் வேலை பார்க்க அனுமதி, அதாவது ஓ.பி.டி., 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் 24 மாதம். சர்வதேசக் கல்வி அந்தப் பட்டியலில் இல்லை, கல்வித் தொழில்நுட்பம் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் இடம் கிடைத்தது. பாடத்திட்டத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஸ்டெம்மா இல்லையா என்று காட்டும் ஆறு இலக்கப் படிப்புக் குறியீட்டைத்தான் தேடினேன். வங்கிக் கடனோடு போகிறவனுக்கு ஒரு வருடத்துக்கும் மூன்று வருடத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சமா? ஆசைப்பட்டது ஒன்று, சேர்ந்தது இன்னொன்று.

எறும்பு:
நியாயமான கணக்கு. ஆனால் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் போன்ற இடங்களில் சீன மாணவர்கள் நிறைய. அவர்களுக்கும் அதே 12 மாதம்தானே?

மூன்றாம்பெஞ்சு:
ஊர் திரும்பினால் அந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறது என்று நம்பிப் போகிறவருக்கு 12 மாதம் ஒரு பொருட்டில்லை. கடனை டாலர் சம்பளத்தில் அடைக்கவேண்டியவருக்குத்தான் உதைக்கிறது.

வடகாற்று:
நானும் அதைத்தானே சொன்னேன்! உள்நாடோ வெளிநாடோ, காசுதான் ஆளைச் சலித்தெடுக்கிறது.

எறும்பு:
இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டீர்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பகலில் விசாத் தாள்களைச் சரிபார்த்துவிட்டு, ஊழியர்களுக்கான கட்டணச் சலுகையில் இரவில் இணையவழியாக இதைப் படிக்கிறவர்கள். நாற்பது வயது, குழந்தைகள், வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

வடகாற்று:
அவர்களைச் சேர்த்தால் என் படம் கொஞ்சம் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர்கள் உட்காருவது யார் பக்கத்தில்? திரையில் கேமராவை அணைத்து வைத்த கட்டங்களின் பக்கத்தில்தானே.