துபாயில் வண்டி ஓட்டப் போகும் தம்பிக்கு என்ன சொல்லி அனுப்புவது?

கேள்வி: கொரடாச்சேரி அக்கா

வணக்கம். என் தம்பிக்குத் துபாயில் டெலிவரி வேன் ஓட்டும் வேலைக்கு விசா வந்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறான். இங்கே சொந்தமாக டாடா ஏஸ் வைத்து ஓட்டுகிறான். அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, மற்ற நாளில் வாழைத்தார், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று ஏதாவது ஓட்டம் இருக்கும். பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தாலும் ஒரு மணி மிதிபடாமல் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழி விடுகிற ஆள். ஓட்டத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏஜென்ட் "லைசென்ஸ் எல்லாம் அங்க போய் ஈஸியா வாங்கிடலாம்" என்கிறார், அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பையனை வளைகுடா ரோடு விபத்தில் பறிகொடுத்திருக்கிறார்கள். அங்கே ஓட்டிய அண்ணன்மார் யாராவது இருந்தால், நம் ஊர்ப் பழக்கத்தில் எதை அவன் முதலில் விட வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: மன்னார்குடி பிக்கப்

தங்கச்சி, அபுதாபியிலும் துபாயிலும் பல வருஷம் பிக்கப் ஓட்டிவிட்டு இப்போது மன்னார்குடியில் இருக்கிறேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே முதல் சில மாதம் ஆபத்து.

நம் பக்கம் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்ததும் பாருங்கள். ரெண்டு பக்கமும் ரோடு முழுக்க வண்டி நிற்கும். ஒரு ஹார்ன், ஒரு கையசைப்பு, ஒரு கண்ஜாடை, எப்படியோ கலைந்துவிடும். அது பெரிய திறமைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வண்டி ஊர்ந்து போகும்போதுதான் அது உதவும். துபாயின் பெரிய நெடுஞ்சாலையான ஷேக் சாயித் ரோட்டில் 100-ல் போகும்போது பக்கத்து வண்டிக்காரன் உங்கள் தம்பியின் முகத்தைப் பார்க்க மாட்டான். இவன் தன் லேனை விட்டு விலக மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அவன் காலை அழுத்தி வைத்திருக்கிறான். சந்து தெரிகிறதே என்று இண்டிகேட்டர் போடாமல் மூக்கை நுழைத்தால் அவனுக்குப் பிரேக் பிடிக்கவே இடம் இருக்காது. தம்பி முதலில் விட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது லைட் அடிப்பது. திருவாரூர் ரோட்டில் எதிரே வரும் பஸ் லைட் அடித்தால் "நான் வந்துட்டேன், நீ ஒதுங்கு" என்று அர்த்தம். அங்கே பின்னால் வருகிறவன் அடிப்பான், இடது கோடி லேனில். அங்கே ரோட்டின் வலது பக்கம்தான் ஓட்டுவது, அதனால் இடது கோடிதான் வேகமாக முந்திப் போகிறவர்களின் லேன், வேன்காரருக்கு அங்கே வேலை கிடையாது. தப்பித்தவறிப் போய் மாட்டிக்கொண்டால் ரோஷப்படக் கூடாது. கண்ணாடியைப் பார்த்து, தோளைத் திருப்பி ஒரு தடவை நேரிலும் பார்த்து, வலது பக்க லேனுக்கு வந்துவிட வேண்டும். அப்படி ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு நான் இருந்தபோது 400 திர்ஹம் ஃபைன், 4 கறுப்புப் புள்ளி (தப்புக்கு லைசென்ஸில் ஏறும் கணக்கு). அது போலீஸ் பாடு.

நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுகிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று சொல்ல நம்மாட்கள் அதைப் போடுவார்கள். மார்கழிப் பனியிலும் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். அங்கே ஓடுகிற வண்டியில் அதைப் போடுவது குற்றம். வண்டி நிற்கிறது என்று நினைத்துப் பின்னால் வருகிறவன் திடீரென்று லேன் மாறுவான், இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. குளிர்கால விடியற்காலையில் அபுதாபிப் பக்கம் இறங்கும் மூடுபனியில் முன்னால் போகும் லாரியின் பின்பக்கமே தெரியாது. வேகத்தை 80-ஆகக் குறைத்துப் பலகையில் போட்டுவிடுவார்கள். சாதா ஹெட்லைட்டும் ஃபாக் லைட்டும் போதும்.

வேக எல்லையில் ஒரு பொறி இருக்கிறது. துபாயில் பலகையில் 100 என்று இருந்தால் 120 தாண்டினால்தான் கேமரா அடிக்கும். அபுதாபி எல்லைக்குள் அந்தச் சலுகையை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லை. துபாய் வேனுக்கு அபுதாபி டெலிவரி வந்தால் பழகிய காலே மாட்டிவிடும்.

வலது பக்கம் ஓட்டுவது நெரிசலில் சிரமமே இல்லை. எல்லாரும் போகிற பக்கம் போனால் போதும். ராத்திரி பெட்ரோல் பங்கை விட்டு வெளியே வரும்போது, ரோடு காலியாக இருக்கும்போதுதான் கை தானாக இடது பக்கம் இழுக்கும். இதற்கு ஒரே அடையாளம் சொல்கிறேன், இங்கேயும் அங்கேயும் பொருந்தும்: ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் நடுக்கோடு இருக்க வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவனுக்குத்தான் வழி. அவன் இடது பக்கத்திலிருந்து வருவான். நமக்கு வலது பக்கம் பார்த்தே பழக்கம்.

பள்ளிக்கூட பஸ் நிற்கும் பலகையை விரித்தால் 5 மீட்டர் தள்ளி நின்றே ஆக வேண்டும். 1,000 திர்ஹம், 10 புள்ளி. செல்போன் கையில் இருந்தால் 800 திர்ஹம், 4 புள்ளி. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். டிரைவர் வேலைக்குப் போனவனுக்கு லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு. "எங்க இருக்க, எங்க இருக்க" என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். இந்திய லைசென்ஸைக் காட்டி மாற்றிக்கொள்ள முடியாது. எழுத்துத் தேர்வு, யார்டு (மைதானத்தில் வண்டியை நிறுத்திக் காட்டும் டெஸ்ட்), ரோடு டெஸ்ட் எல்லாம் உண்டு. எழுத்துத் தேர்வைத் துபாயில் தமிழிலேயே எழுதலாம், அது நமக்கு நல்லது. தோளைத் திருப்பிப் பார்க்காததற்கே ரோடு டெஸ்ட்டில் ஃபெயில் போடுவார்கள். நிறையப் பணம் பிடிக்கும். அது கம்பெனி செலவா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை சூப்பர்வைசர் "இந்தத் தெருமுனை வரைக்கும்தானே" என்றாலும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

பதில்: மஸ்கட் நாகை

நான் நாகப்பட்டினத்துக்காரி, மஸ்கட்டில் நர்ஸ். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் துபாய் வேன்கள் ஓமான் எல்லைப் பக்கம் ஹத்தா வரைக்கும் வரும்.

நாம் ஆற்றுத் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால்தான் பயம் வருவதில்லை. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். எவ்வளவு வருகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடும். இங்கே வாதி என்பது காய்ந்து கிடக்கும் ஓடை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, எங்கோ மலையில் பெய்த மழை சில நிமிஷத்தில் கல்லும் மண்ணுமாக இறங்கும். முழங்கால் அளவுதானே என்று வண்டியை விடுகிறார்கள். அந்த அளவு ஓட்டமே காரைப் புரட்டிவிடும். 2024 ஏப்ரலில் இங்கே பள்ளிப் பிள்ளைகள் வந்த வண்டியையே அடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஓமானில் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஜெயிலுக்குப் போகிற குற்றம். தண்ணீர் வடியும்வரை நிற்கட்டும். டெலிவரி தாமதமானால் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒட்டகமும் உண்டு. ராத்திரி அதன் உடம்பு லைட்டுக்கு மேலே இருக்கும், கால்தான் தெரியும். பம்பர் காலை அடித்தால் முழு எடையும் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். எங்களிடம் வந்த அப்படிப்பட்ட கேஸ்கள் எல்லாம் தலை, கழுத்துக் காயம். பெல்ட் போட்டிருந்தாலும் வேகம் குறைவாக இருந்தால்தான் பிழைக்கிறார்கள்.

கேள்வி: கொரடாச்சேரி அக்கா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். நாலு இண்டிகேட்டர் விஷயம் அவனுக்கே புதுசு. இன்னும் ஒன்று. மீறி விபத்து ஆகிவிட்டால் என்ன செய்வது? இங்கேயென்றால் நாலு பேர் கூடுவார்கள், தெரிந்தவர்கள் வந்து பேசுவார்கள்.

பதில்: மன்னார்குடி பிக்கப்

அங்கே யாரும் கூட மாட்டார்கள், பேசித் தீர்க்கவும் கூடாது. யாருக்கும் அடியில்லை, வண்டியில் மட்டும் கீறல் என்றால் படம் எடுத்துக்கொண்டு ஓரம் கட்டிவிட்டு போலீஸ் ஆப்பில் பதிய வேண்டும். நடு ரோட்டிலேயே நின்றால் பின்னால் இன்னொன்று வந்து மோதும். போலீஸ் காகிதம் இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் டிங்கர் வேலை செய்ய மாட்டார்கள். அடிபட்டிருந்தால் 999, ஆம்புலன்ஸுக்கு 998. இடத்தை விட்டு நகரவே கூடாது. பயத்தில் ஓடிப்போனவர்கள் நிலைமைதான் மோசம்.

அரபியில் நீட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்த்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். யாராவது இறந்துவிட்டால் 2 லட்சம் திர்ஹம் தியா, அதாவது இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. சாதாரணமாக இன்சூரன்ஸ் கட்டிவிடும். குடித்திருந்தாலோ லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தாலோ அந்தப் பணத்தை ஓட்டினவனிடமே திருப்பிக் கேட்பார்கள். வழக்கு முடியும்வரை ஊருக்கு வர முடியாமல் போகலாம். அதனால்தான் லைசென்ஸ் விஷயத்தை அவ்வளவு அழுத்திச் சொன்னேன். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கிறது. நம்பரைக் கிளம்புவதற்கு முன்பே போனில் பதியுங்கள்.

தம்பி பத்தாவது பாஸா? இல்லையென்றால் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வாங்க வேண்டிய வகை) இருக்கும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசு இன்சூரன்ஸ் கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். ஏஜென்ட் கட்டிவிட்டேன் என்றால் பாலிசி காகிதத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. லீவுக்கு வரும்போது திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, ராத்திரியே "நானே ஓட்டுறேன்" என்று சாவியை வாங்குவார்கள். தூக்கம் இல்லாத உடம்பு, கை வலது பக்கத்துக்குப் பழகியிருக்கும், தஞ்சாவூர் தாண்டினால் பின்விளக்கு இல்லாத டிராக்டர். அன்றைக்கு வேறு ஆள் ஓட்டட்டும். முதல் சில நாள் பகலில் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகட்டும்.

பாஸ்போர்ட் வகையைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். எழுத்துத் தேர்வுக்கு எதைப் படிப்பது என்று தம்பியிடமே பேசுகிறேன்.