தவக்காலத்தில் சோதனை வரும் நொடியில் இறைவார்த்தையை எப்படிப் பயன்படுத்துவது?

இரவுவிளக்கு:
அனைவருக்கும் தோத்திரம். இந்தத் தவக்காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) எடுத்துக்கொண்ட ஒறுத்தல், அதாவது தவமுயற்சி, இரவு 10 மணிக்கு மேல் கைபேசியில் வீடியோ பார்ப்பதில்லை என்பது. முதல் வாரம் சரியாகப் போனது. இப்போது "ஒன்றே ஒன்று பார்த்துவிட்டுப் படுக்கலாம்" என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இயேசு அலகைக்கு (சாத்தானுக்கு) மறைநூல் வசனத்தாலேயே பதில் சொன்னார் என்கிறார்கள். அதை நாம் செய்வது எப்படி? எந்த வசனம், எத்தனை, எப்போது? இந்த எண்ணம் வருவதே பாவமா?

மறைக்கல்வி ஆசிரியர்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எண்ணம் வருவது பாவம் இல்லை. எபி (எபிரேயர்) 4:15 சொல்வதுபோல, ஆண்டவரும் எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டார், பாவம் மட்டும் செய்யவில்லை. யாக் (யாக்கோபு) 1:14-15 வரிசையைப் பாருங்கள்: தீய நாட்டம் இழுக்கிறது, அது கருக்கொண்டு பாவத்தைப் பெறுகிறது. இழுப்புக்கும் இசைவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. வசனத்துக்கு வேலை அங்கேதான்.

இயேசு சோதிக்கப்பட்ட பகுதியான மத் (மத்தேயு) 4:1-11-ஐ இச (இணைச் சட்டம்) 6, 8 அதிகாரங்களோடு சேர்த்து வாசியுங்கள். ஆண்டவரின் மூன்று பதில்களும் (இச 8:3, 6:16, 6:13) இஸ்ரயேலர் பாலைநிலத்தில் பட்ட பாட்டை நினைவூட்டும் பகுதிகளிலிருந்து வந்தவை. பசிக்கு ஒன்று, கடவுளைச் சோதித்துப் பார்க்கும் ஆசைக்கு ஒன்று, அதிகார ஆசைக்கு ஒன்று. ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கே உரிய வசனம். அலகையும் திபா (திருப்பாடல்) 91-ஐ எடுத்துச் சொன்னதை மறக்க வேண்டாம். வசனம் மந்திரம் இல்லை, பொருள் புரிந்து சொல்ல வேண்டியது.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இதை ஒரு முறையாகவே வகுத்தார். தீய எண்ணங்களை எட்டாகப் பிரித்து, அவற்றுக்கு எதிர்மொழியாக மொத்தம் ஏறக்குறைய 500 விவிலிய வரிகளைத் தொகுத்தார். உங்களுக்கு இரண்டு போதும். கண் இழுப்புக்குத் திபா 119:37, வீணானவற்றைப் பாராதபடி கண்களைத் திருப்பச் சொல்லி மன்றாடும் வரி. அவசரத்துக்குத் திபா 70:1, இறைவன் விரைந்து வந்து உதவக் கேட்பது. பின்னதை இடைவிடாமல் சொல்லச் சொல்லி, பழங்காலத் துறவி யோவான் காசியன் எழுதிவைத்திருக்கிறார்; குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை செபங்கள் தொடங்குவதும் இந்த வரியோடுதான்.

சோதனை வந்த பிறகு விவிலியத்தைப் புரட்டித் தேடாதீர்கள். குறிப்பாகக் கைபேசி விவிலியத்தில் தேடினால் கண்ணி விரித்த இடத்துக்கே போய் நிற்பீர்கள். காலையில் மூன்று முறை, இரவு 9.30-க்கு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். எண்ணம் வந்ததும் ஒரே ஒரு முறை, நிதானமாக, உதடு அசையச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இதற்குப் பிறகுதான்: "ஐந்து நிமிடம் பார்த்தால் என்ன?" என்ற எண்ணத்தோடு வாதாட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏவாள் பாம்போடு பேச்சுக் கொடுத்தாள். யோசேப்போ, தலைவனின் மனைவி பற்றி இழுத்தபோது மேலாடையை விட்டுவிட்டு ஓடினார் (தொடக்க நூல் 39:12). உங்களுக்கு ஓடுவது என்றால், கைபேசியை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்வது.

காலியான நேரத்தையும் நிரப்புங்கள். மத் 12:43-45-இல் கூட்டிப் பெருக்கிய வெறும் வீட்டுக்குத்தான் தீய ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. 10 மணிக்கு மறுநாள் நற்செய்தியை அச்சிட்ட விவிலியத்தில் வாசியுங்கள், பத்து நிமிடம் போதும்.

கிணற்றடி:
இதோடு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் தனி ஆய்வையும் சேர்க்கலாம். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, காலையில் எழும்போது தீர்மானம், மதிய உணவுக்குப் பின் ஓர் ஆய்வு, இரவு உணவுக்குப் பின் ஓர் ஆய்வு. தாளில் நாளுக்கு இரண்டு கோடு. விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி. விழுந்த உடனே மார்பில் கை வைத்து மனம் வருந்தச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் செய்யலாம். உங்கள் சிக்கல் இரவு 10-க்கு மேல் என்பதால் அந்தப் புள்ளி மறுநாள் காலைக் கணக்கில் வரட்டும். படுக்கையில் தாளைத் தேட வேண்டாம்.

இரவுவிளக்கு:
நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் இல்லை என்கிறார்களே? ஒருநாள் தவறினால் தொடரலாமா?

மறைக்கல்வி ஆசிரியர்:
திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு நோன்பு நாள் இல்லை என்பது சரி. ஆனால் ஒருசந்தி (உணவு நோன்பு) வேறு, பழக்கத்தை விடுவது வேறு. ஞாயிறு இரவு கைபேசியைத் திறந்துவிட்டால் திங்கள் இரவு இழுப்பு அதிகமாகும். என் கருத்து, ஞாயிறும் விடாதீர்கள், அன்று பகலில் வேறு வகையில் மகிழுங்கள்.

தவறினால் அன்றே தொடருங்கள். "போனது போகட்டும், அடுத்த வருடம்" என்ற எண்ணம்தான் முதல் விழுகையைவிட மோசமான சோதனை. ஈடுகட்ட மறுநாள் சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். களைத்த உடம்பு இரவில் இன்னும் எளிதாக இசையும். இரண்டு வாரமாகியும் புள்ளிகள் குறையவில்லையென்றால் பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) போகும்போது அதைக் குருவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறைத்து வைக்கும்வரை அலகைக்கு வசதி என்று இஞ்ஞாசியாரும் எச்சரிக்கிறார்.