டிஎஸ்எல்ஆரா, காம்பாக்ட்டா? ஓடுகிற குழந்தையை எடுக்க எது சரி?

புதுமுகம்:
வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, நடக்கப் பழகியதில் இருந்து ஓட்டம்தான். போனில் பகலில் எடுத்தால் நன்றாக வருகிறது, இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் முகமே கலங்கிப்போகிறது. 18-55 மிமீ சூம் லென்ஸோடு வரும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) ஒன்று, பாக்கெட்டில் போடுகிற 1 இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) காம்பாக்ட் ஒன்று, இந்த இரண்டில் எதை வாங்குவது என்று குழப்பம். இரண்டும் ஏறக்குறைய 20 மெகாபிக்சல்தான். அப்புறம் எதற்கு அந்தப் பெரிய கேமராவைச் சுமக்க வேண்டும்?

ஒளிப்பிரியன்:
மெகாபிக்சலை விட்டுவிடுங்கள். உங்கள் சிக்கல் வெளிச்சம், அதைத் தீர்மானிப்பவை சென்சாரின் பரப்பளவும் லென்ஸின் திறப்பும். சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மிமீ. 1 இன்ச் என்று சொல்வது பெயரளவில்தான், உண்மையில் அது 13.2 × 8.8 மிமீ. அதாவது டிஎஸ்எல்ஆர் சென்சார் பரப்பில் மூன்று மடங்கு பெரியது.

இதோடு நிறுத்தினால் டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவு செய்துவிடுவீர்கள், பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5 வரைதான் திறக்கும், முழு சூமான 55 மிமீயில் எஃப்/5.6 (இந்த எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சமும் அதிகம் வரும்). 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்ற காம்பாக்ட்களில் அகலக் கோணத்தில் எஃப்/1.8 கிடைக்கிறது, இது எஃப்/3.5ஐ விட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம், ஆக சிறிய சென்சாரால் இழந்ததை லென்ஸ் ஈடுகட்டிவிடுகிறது. சூம் செய்தால் கதை மாறும், அந்த ஆர்எக்ஸ்100 முழு சூமில் எஃப்/4.9க்கு இறங்கிவிடும், அங்கே டிஎஸ்எல்ஆர் முந்தும்.

அதனால் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் 35 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், அப்போதுதான் பெரிய சென்சாரின் பலன் வீட்டுக்குள் தெரியும். 50 மிமீ எஃப்/1.8 விலை குறைவு என்று சொல்வார்கள், ஆனால் ஏபிஎஸ்-சியில் அதன் பார்வைக் கோணம் 75 மிமீ லென்ஸ் போலக் குறுகிவிடும், சின்ன அறையில் பின்னால் நகர இடம் இருக்காது.

கருப்புவெள்ளை:
மேலே சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடையில் 'ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, கலங்காது' என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், குழந்தை ஓடுவதை நிறுத்தாது. எந்தக் கேமராவாக இருந்தாலும் ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்து ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பை, ஆட்டோவில் விடுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், கலங்கிய முகத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். பழைய காம்பாக்ட்கள் பல, மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். கடையில் கொஞ்சம் இருட்டான மூலையில் சோதித்துப் பாருங்கள்.

நடைபயணி:
நான் காம்பாக்ட் பக்கம். குழந்தைப் பை, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் தூக்கிக்கொண்டு இன்னொரு தோளில் டிஎஸ்எல்ஆர் மாட்டிக்கொண்டு எத்தனை நாள் போவீர்கள், சகோ? அப்புறம், கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் விடவில்லை, எல்லாமே மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பக்கம் போய்விட்டது. டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும் என்றால் நல்ல நிலையில் உள்ள பழையதை வாங்கி, மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள், என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

புதுமுகம்:
எல்லோருக்கும் நன்றி. முக்கால்வாசிப் படம் வீட்டுக்குள்தான் எடுக்கப்போகிறேன், அதனால் பழைய டிஎஸ்எல்ஆரும் 35 மிமீ லென்ஸும் பார்க்கிறேன். வெளியே போகும்போது பகல் வெளிச்சத்துக்குப் போனே போதும். ஷட்டர் எண்ணிக்கை எவ்வளவுக்குள் இருந்தால் வாங்கலாம்?

நடைபயணி:
ஆரம்பநிலை மாடல் என்றால் 30,000க்குள் பாருங்கள். கூடவே வெள்ளைச் சுவரை எஃப்/16இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் தூசி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.