ஏற்காட்டில் சர்க்கரை நோயும் மனச்சோர்வும்: கூட்டு ஆய்வுக்கு நிதி எங்கே கேட்பது, யார் பெயரில் கேட்பது?

கேட்டவர்: அடிவாரம்

வணக்கம். சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை, ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை, ஏற்காட்டில் சிறிய மருத்துவமனை நடத்தும் ஓர் அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் ஆய்வுக்குத் திட்டமிடுகிறோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்களில் மனச்சோர்வு இருப்பவர்களை அங்கேயே கண்டறிவது, பயிற்சி பெற்ற செவிலியர் தொடர்ந்து கவனிப்பது, மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து மருந்தில் மாற்றம் சொல்வது. மலைக் கிராமங்களில் இந்த ஏற்பாடு நிற்குமா, பலன் தருமா என்பதே கேள்வி.

இரண்டு ஆண்டுகள், சுமார் 60 லட்சம் ரூபாய். அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இருக்கின்றன, வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர் சேர்ந்துகொள்ள விரும்புகிறார். எங்கே விண்ணப்பிக்கலாம்? முதன்மை ஆய்வாளர் யாராக இருக்க வேண்டும்? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆர். பணம் கேட்கலாமா?

பதில் 1: காப்பித்தோட்டம்

எந்த அமைப்பு என்று தேடுவதற்கு முன்னால் பணம் எந்தக் கணக்கில் வந்து இறங்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். கூட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்குகின்றன.

உங்கள் அளவுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளி ஆய்வுத் திட்டம், அதாவது வெளி நிறுவனங்களின் ஆய்வுக்குத் தரும் மானியம். அதில் சிறு மானியம் 2 கோடி வரை, இடைநிலை மானியம் 2 முதல் 8 கோடி வரை. 60 லட்சம் சிறு மானியத்துக்குள் தாராளமாக அடங்கும். முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். அதனால் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் முதன்மை, உளவியல் துறையும் அறக்கட்டளை மருத்துவரும் இணை ஆய்வாளர்கள் என்று வைப்பதுதான் சரி. கல்லூரி தனியார் என்றால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தரும் ‘சிரோ’ அங்கீகாரம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அறக்கட்டளை பங்காளியாகப் பணம் வாங்கும் என்றால் அதற்கும் அதே கேள்வி வரும். தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளமான என்.ஜி.ஓ. தர்ப்பனில் பதிந்த எண்ணும் வேண்டும். இவை இல்லாமல் போனால் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும்.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் நல்ல இடம்தான், ஆனால் அவர்களுடைய குழு மானியங்கள் ஏற்கெனவே முன்னோட்டத் தரவு கையில் வைத்திருப்பவர்களுக்கே பொருந்தும். இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர். பற்றி: கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின் ஏழாம் அட்டவணையில் சுகாதாரம் இருக்கிறது, ஆகவே மருந்து, செவிலியர் சம்பளம், வாகனம் கேட்கலாம். ஆராய்ச்சிக்கான பங்களிப்பு என்று வரும்போது அந்த அட்டவணை அரசு நிதியில் இயங்கும் திட்டங்கள், பல்கலைக்கழகங்கள் பக்கமே சாய்கிறது. சிகிச்சைச் செலவை சி.எஸ்.ஆரிலும், தரவு, ஆய்வுப் பணியாளர் செலவை ஐ.சி.எம்.ஆரிலும் பிரித்துக் கேளுங்கள். ஒரே செலவை இரண்டு இடத்திலும் காட்டிவிடாதீர்கள். அறக்கட்டளை, சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 படிவம் பதிந்திருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நிறைய பேர் இதில்தான் வழுக்குகிறார்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 7ஆம் பிரிவு 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பங்களிப்பை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கத் தடை விதிக்கிறது. அந்த இன்னொருவருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் கூடாது. ஆகவே ‘பணம் ஓரிடத்துக்கு வரட்டும், அங்கிருந்து மற்ற இருவருக்கும் பிரித்துக்கொள்வோம்’ என்ற திட்டம் நடக்காது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு இந்தியப் பங்காளியோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். பதிவு வேண்டுமென்றால் அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட நன்கொடையாளரின் கடிதத்தோடு முன் அனுமதி கேட்கலாம். எப்படியானாலும் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான் கணக்கு.

நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. களத் தரவு சேகரிப்பவர், பகுப்பாய்வு செய்பவர் சம்பளத்துக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் ஆய்வையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்புகளுக்குத்தான். மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளை அந்த விலக்கை நம்பி பட்ஜெட் போட்டால் தணிக்கையில் மாட்டும்.

இதற்கு மேல், வெளிநாட்டு நிதியோடு நடக்கும் சுகாதார ஆய்வுக்கு சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும். எச்.எம்.எஸ்.சி. என்பார்கள், விண்ணப்பம் ஐ.சி.எம்.ஆர். வழியாகப் போகும். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள். நிதி வந்த நாளிலிருந்து ஆய்வுக் காலத்தை எண்ணினால் முதல் அரையாண்டு காகிதத்திலேயே போய்விடும்.

இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை மனநலத்தில் பதற்றம், மனச்சோர்வு, மனப்பிறழ்வு மூன்றிலும் கவனம் வைக்கிறது, இந்திய நிறுவனம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.ஆரின் உலகச் சுகாதார நிதியும் உண்டு. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். பக்கம் எச்சரிக்கை: மானியம் வாங்கிய நிறுவனம் வெளிநாட்டுப் பங்காளிக்குப் பங்கு கொடுக்கும் துணை மானியத்தின் பழைய வழி 2025 மே 1 அறிவிப்போடு நின்றது. யாராவது பழைய மாதிரி விண்ணப்பத்தைக் கொடுத்தால் அதை வைத்து எழுதாதீர்கள்.

அடிவாரம்

மிக்க நன்றி. அப்படியென்றால் முதல் கட்டம் ஐ.சி.எம்.ஆர்., இங்கிலாந்துப் பேராசிரியர் பணம் தொடாத ஆலோசகர் என்று வைத்துக்கொள்கிறோம். 200 பேர் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம், கிராமம் கிராமமாகப் பிரித்து ஒப்பிடுவதாகத் திட்டம். சரியா?

பதில் 3: எண்ணும் எழுத்தும்

சரியில்லை. 200 என்பது தனித்தனி ஆட்களைக் குலுக்கிப் பிரிக்கும் கணக்கு. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள், அதனால் ஊர் ஊராகப் பிரித்தால் எண்ணிக்கை ஏறும். ஓர் ஊருக்கு 20 பேர், ஒரே ஊர்க்காரர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் உள்ளொற்றுமைக் குணகம் 0.05 என்று வைத்தால், எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய மடங்கு 1 + 19 × 0.05 = 1.95. 200 என்பது 390 ஆகும். இடையில் 15 சதவீதம் பேர் விலகுவார்கள் என்றால் 390ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 459 வரும். பலர் 390இல் 15 சதவீதத்தைக் கூட்டி 449 என்று எழுதிவிடுகிறார்கள், மதிப்பீட்டாளர் அதை உடனே பிடிப்பார். 459 பேருக்கு 23 ஊர்கள் வேண்டும். 60 லட்சத்தில் அது முடியாது.

அதனால் இதைச் ‘சாத்திய ஆய்வு’ என்றே நேர்மையாகப் பெயரிடுங்கள். எத்தனை பேர் சம்மதித்தார்கள், ஆறு மாதத்தில் எத்தனை பேர் நின்றார்கள், செவிலியர் எத்தனை சந்திப்பை முடித்தார், மருத்துவர் சொன்ன மாற்றத்தில் எத்தனை நிறைவேறியது ஆகியவையே முடிவு அளவைகள். பெரிய சோதனைக்கு வேண்டிய உள்ளொற்றுமைக் குணகமும் இதிலிருந்துதான் கிடைக்கும்.

புதுமை என்ன என்று கேட்பார்கள். சென்னை, டெல்லி உட்பட நான்கு நகர்ப்புற மருத்துவமனைகளில் 404 நீரிழிவு நோயாளிகளிடம் இதே கூட்டுச் சிகிச்சை முறையை 24 மாதம் சோதித்த, ‘இண்டிபெண்டென்ட்’ என்று பெயரிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. மனச்சோர்வும், அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவதும் சேர்ந்து மேம்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட அதிகம். அதை மறைக்காமல் முதல் பத்தியிலேயே எழுதி, ‘சிறப்பு மருத்துவர் பக்கத்தில் இல்லாத மலை ஆரம்பச் சிகிச்சையில் இது நிற்குமா’ என்று உங்கள் கேள்வியை அதற்கு மேல் வையுங்கள்.

ஐ.சி.எம்.ஆர். திட்டப் பணியாளர் மாதச் சம்பளம்: மருத்துவம் சாராத ஆய்வு விஞ்ஞானி முதல் நிலை 56,000, தொழில்நுட்ப உதவியாளர் மூன்றாம் நிலை 28,000, இதோடு வீட்டு வாடகைப் படி. அந்தப் படிக்கான நகர வகைப்பாட்டில் சேலம் ஒய் பிரிவு, 20 சதவீதம். ஏற்காட்டில் பணி என்றால் 10 சதவீதம் போடுங்கள். ஒரு விஞ்ஞானி சேலத்தில், இரண்டு உதவியாளர் ஏற்காட்டில் என்றால் 24 மாதத்துக்கு 30,91,200 ரூபாய். பாதிக்கு மேல் சம்பளத்திலேயே போகிறது. மடிக்கணினிக்குப் பணம் கேட்பதை விட மலைப் பயணத்துக்குக் கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வாகனச் செலவைக் கீழ்நாட்டுக் கணக்கில் போடாதீர்கள்.

பணம் வந்தபின் செலவுச் சான்றிதழ் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் கொடுக்க வேண்டும். மானியத்தில் வந்த வட்டி உங்களுடையது இல்லை, பாரத்கோஷ் என்ற அரசு இணையதளம் வழியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். முந்தைய ஆண்டின் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும், அப்போது முதலில் பாதிக்கப்படுவது களப் பணியாளர் சம்பளம்தான்.

பதில் 4: மலைப்பாதை

எத்திக்ஸ் பத்தி யாரும் சொல்லலைங்க, அதனால நான் சேர்க்கிறேன். ஆய்வுக்கு அனுமதி தர்ற எத்திக்ஸ் கமிட்டி டி.எச்.ஆர்.ல, அதாவது மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில, பதிவு ஆகியிருக்கான்னு பாருங்க, அவங்க ‘நைதிக்’ தளத்துல இருக்கும். மருந்துச் சோதனைக்குப் பதிவு இருக்குன்னா அது வேற, சுகாதார ஆய்வுக்குத் தனியா இருக்கணும். இது சிகிச்சை கொடுக்கிற ஆய்வு, அதனால முதல் ஆளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே சி.டி.ஆர்.ஐ.ங்கிற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டுல பதிஞ்சாகணும். 2018 ஏப்ரல்ல இருந்து பின்னாடி பதியறதுக்கு வழியே இல்லைங்க.

மனநலச் சட்டம் 2017, 99ஆம் பிரிவைப் படிங்க. வெறும் நேர்காணல்னாலும் சம்மதம் வேணும். சம்மதம் சொல்ல முடியாத நிலையில இருக்கிறவரைச் சேர்க்கிறதுக்கு மாநில மனநல ஆணையத்து அனுமதி வேணும், சாத்திய ஆய்வுக்கு அவங்களை விட்டுடறதே நல்லது.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள்ல ஒன்பதாவது கேள்வி, சாகறதே மேல்னு தோணுதாங்கிறது. அதுல பூஜ்யத்துக்கு மேல என்ன வந்தாலும் அன்னைக்கே ஒரு பயிற்சி பெற்றவர் பேசணும். ராத்திரி என்ன பண்றது, யார் கீழே கூட்டிட்டு போறது, வண்டிக்காசு எதுல இருந்துன்னு எழுத்துல வைங்க. அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நம்பரைக் கையில கொடுக்கறதோட நிறுத்திட்டா கமிட்டி ஒத்துக்காதுங்க, ஒத்துக்கவும் கூடாது.

அங்க இருக்கிற மலையாளி மக்கள் (கேரளாக்காரங்க இல்லைங்க, இந்த மலைவாழ் மக்களோட பேரே அதுதான்) பட்டியல் பழங்குடியினர். ஊர்ப் பெரியவங்ககிட்ட முதல்ல பேசணும், ஆனா அவங்க சரின்னு சொன்னது ஒவ்வொருத்தரோட சம்மதத்துக்கும் ஈடாகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ள ஆள் சேர்க்கிறதா இருந்தா பொது சுகாதாரத் துறை அனுமதியும் முன்கூட்டியே வாங்குங்க. படிவத்துத் தமிழை அங்கேயே பத்துப் பேர்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க, ‘மனச்சோர்வு’ங்கிற வார்த்தை எழுத்துல மட்டும்தான் இருக்கு. ‘மனசு சரியில்லை’, ‘தூக்கம் வரலை’, ‘எதுலயும் புடிப்பு இல்லை’ன்னுதான் வாயில வரும்.

கால அட்டவணையில நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஆள் சேர்ப்பு வைக்காதீங்க. காப்பி பறிக்கிற நேரம், பகல்ல வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, கூலியை விட்டுட்டு வரச் சொல்றதும் நியாயமில்லை. பிப்ரவரியில ஆரம்பிங்க. கோபோ மாதிரி நெட் இல்லாமலே பதியற செயலி வேணும், பல ஊர்ல சிக்னல் கிடைக்காது.