எம்பிஏ துறைக்கு டைரக்டர் ஆக்கிவிட்டார்கள். முதலில் எதைப் பிடிப்பது?

தக்கலை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எம்பிஏ துறையில் இருக்கிறேன். மனிதவள மேலாண்மை எடுப்பேன். போன டைரக்டருக்குத் திருவனந்தபுரத்தில் வேறு இடம் கிடைத்தது, செமஸ்டர் நடுவிலேயே கிளம்பிவிட்டார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு "இனிமே நீங்க பாத்துக்கோங்க மேடம்" என்றார். அவ்வளவுதான் நியமனம். உத்தரவுக் கடிதம் பின்னால் வரும் என்றார்கள். அறைக்கதவில் பெயர்ப் பலகை மாட்டியாகிவிட்டது, கடிதத்தை இன்னும் காணவில்லை.

நிலவரத்தைச் சொல்கிறேன். அறுபது இடம், பாதிக்குச் சற்று மேல் நிரம்பியிருக்கிறது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏஐசிடிஇ (தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கு அனுமதி தரும் அமைப்பு) கணக்கில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஆறு பேர் வேண்டும். பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். வகுப்புக்குப் போவது நான்கு பேர். ஒருத்தி பேறுகால விடுப்பில். இன்னொருவரை அட்மிஷன் பிரிவுக்கே எடுத்துக்கொண்டார்கள், அவர் துறைக்கு வருவது கையெழுத்துப் போட மட்டும்.

மார்ச் வந்தால் மீதிப் பேருக்கும் டார்கெட். சுற்றியுள்ள கலைக் கல்லூரிகளில் பி.காம்., பிபிஏ கடைசி வருடப் பிள்ளைகளின் போன் நம்பர்களைத் திரட்டி, ஆளுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் மே மாதச் சம்பளத்தில் கை வைப்பார்கள். இதற்கு நடுவே கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வரப்போகிறது என்று ஃபைல் வேலை. போன சனிக்கிழமை ஃபைனான்ஸ் எடுக்கிற தம்பி குலசேகரம் பக்கம் ஒரு வீட்டுக்கு கேன்வாசிங் போயிருந்தார். அதே நேரத்தில் அவருடைய வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மண்டைக்காடு கோயில் கொடைக்கு விட்ட லீவை ஈடுகட்டத்தான் அந்தச் சனிக்கிழமை வகுப்பே! நம் குமரி மாவட்டத்தில் சவேரியார் திருவிழா, கொடை, நவம்பர் ஒன்று (மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள்), மழை என்று லீவு போனது போக மிஞ்சுவதே கொஞ்சம். அதையும் இப்படி விடுகிறோம்.

போதாக்குறைக்கு, 2024-25 முதல் பிபிஏவும் ஏஐசிடிஇ-க்குக் கீழ் வந்துவிட்டது இல்லையா, "நமக்குத்தான் அப்ரூவல் அனுபவம் இருக்கே, அதையும் ஆரம்பிச்சிருவோம்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. யார் பாடம் எடுப்பது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

நான் கேட்பது இரண்டுதான். டார்கெட் வேண்டாம் என்று தாளாளரிடம் சொல்ல முடியுமா? கடிதம் கேட்டால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

---

கடியப்பட்டணம் எழுதியது:

மேடம், நேரடியாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நெட் தகுதித் தேர்வில் பாஸ் அல்லது பிஎச்.டி. இருந்தால் டைரக்டர் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு இடம் பாருங்கள். நான் அப்படித்தான் வெளியே வந்தேன். பொறுப்பை நம் தலையில் வைப்பார்கள், செக் புத்தகம் அவர்கள் பெட்டியில் இருக்கும். அட்மிஷன் கூடினால் தாளாளரின் திறமை, குறைந்தால் டைரக்டரின் சோம்பல். எந்தக் கடிதம் வந்தும் இது மாறாது.

---

தோவாளைக்காரன் எழுதியது:

கடியப்பட்டணத்துத் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் போகிறவர் போய்விடுவார், அந்த முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நானும் இந்த மாவட்டத்தில் ஒரு எம்பிஏ துறையை நடத்தி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மேடம், நீங்கள் அட்மிஷன், ஃபைல், லீவு, பிபிஏ என்று நாலு பிரச்சினையாகப் பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உங்கள் ஆசிரியர்களின் நேரம் யார் கையில் இருக்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியருக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலை. அதில் உதவிப் பேராசிரியர் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டியது 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14. இப்படி வருடத்துக்கு 30 வாரம், 180 நாள். 40-இல் 16 போனால் 24. அந்த இருபத்திநான்கு மணி நேரத்தில்தான் பாடம் தயாரிப்பது, பேப்பர் திருத்துவது, புராஜெக்ட் பார்ப்பது, சொந்தமாக நாலு பக்கம் படிப்பது எல்லாம் நடக்க வேண்டும். நம் ஊர்த் தாளாளர்கள் அதை "சும்மா இருக்கிற நேரம்" என்று நினைக்கிறார்கள். டார்கெட்டும் நாக்கும் பிபிஏவும் அங்கேதான் வந்து உட்காருகின்றன. அதில் இடம் போதாமல் அடுத்து வகுப்பு நேரத்தையே எடுக்கிறார்கள். உங்கள் ஃபைனான்ஸ் தம்பிக்கு நடந்தது அதுதான்.

அதனால் பணத்துக்கு அதிகாரம் கேட்காதீர்கள். கட்டடம், சம்பளம், புதிய பாடப்பிரிவு எல்லாம் அவர்கள் பாடு. கொடுக்கவும் மாட்டார்கள், கொடுத்தாலும் தலைவலி. டைம்டேபிளைக் கேளுங்கள். எந்த ஆசிரியரை எந்த வேலைக்கு அனுப்புவதானாலும் டைரக்டர் கையெழுத்து வேண்டும், வகுப்பு நேரத்தில் யாரையும் வெளியே எடுக்கக்கூடாது, இன்டர்னல் மார்க்கில் வெளியார் தலையிடக்கூடாது. கடிதத்தில் இந்த மூன்றும் இருந்தால் துறையை நடத்திவிடலாம். நாக் குழு வருவதற்கு முன்னால் கேளுங்கள். குழு வந்து போனபின் உங்களை யாரும் தேடமாட்டார்கள்.

பதவிக்காலத்தையும் எழுதி வாங்குங்கள். ரவி மத்தாய் என்று ஒருவர் இருந்தார். அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் முழுநேர இயக்குநர், 1965-இல் பொறுப்பேற்றார். நிறுவனம் நல்ல நிலையில் இருந்தபோதே 1972-இல் தானாக விலகி, அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் டைரக்டர் பதவி போனால் கேட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். அதனால் உட்கார்ந்திருக்கிற ஆள் வாயைத் திறப்பதில்லை. மூன்று வருடம் டைரக்டர், அதன்பின் அதே சம்பளத்தில் திரும்ப வகுப்பறை என்று எழுத்தில் இருந்தால் உங்களுக்கும் தைரியம் வரும், உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் வரும்.

டார்கெட் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், "மேடத்துக்கு அட்மிஷன்ல அக்கறை இல்ல" என்று முடித்துவிடுவார்கள். முதல் வருடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு "நம்ம காலேஜ் பத்தி யார் சொன்னா?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் கேட்டபோது பெரும்பாலும் வந்த பதில் சீனியர், சித்தி மகள், பக்கத்து வீட்டு அக்கா. சார் வீட்டுக்கு வந்தார் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தாளைக் கொண்டுபோய் வைத்தபோது எங்கள் தாளாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் வியாபாரி. செலவுக்கு வரவு இல்லை என்று தெரிந்தால் புரிந்துகொள்வார். டார்கெட்டை எடுத்துவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். தேர்வு முடிந்தபின் உள்ள விடுமுறையில் மட்டும் கேன்வாசிங் என்று ஒதுக்கினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்படி மீட்ட நேரத்தை என்ன செய்வது? இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகமதாபாத்காரர்கள் ஆரம்பத்தில் ஹார்வர்டோடு கைகோத்து, கேஸ் முறையில், அதாவது ஒரு நிறுவனத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்து அதை விவாதிக்க வைத்து, பாடம் நடத்தினார்கள். அதற்காக இந்தியத் தொழில்களைப் பற்றித் தாங்களே கேஸ் எழுதினார்கள். நாம் இன்னமும் புத்தகத்தில் உள்ள அமெரிக்க விமானக் கம்பெனியை வைத்துக்கொண்டு செலவுக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறோம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தூத்தூர், வள்ளவிளை, இனயம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் வீட்டு ஆழ்கடல் படகு கொச்சியில் போய் மீன் இறக்குகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். நஷ்டம் வந்தால் யார் தாங்குவது, சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் பங்குக்கு ஏன் வைக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசலாம். நான் அப்படி ஒரு வகுப்பு எடுத்தபோது, அதுவரை பின் பெஞ்சில் தலையைக் குனிந்திருந்த ஒரு பையன் எழுந்து போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினான். எனக்கே பாதி அன்றுதான் புரிந்தது.

தோவாளைப் பூச்சந்தையும் அப்படித்தான். முகூர்த்த நாளைக்கு முந்தின விடியற்காலையில் பிச்சிப்பூ விலை எகிறுவதைப் பார்த்த பிள்ளைக்கு டிமாண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, கோட்டயத்து விலையைப் பார்த்துவிட்டு இன்று விற்பதா வைப்பதா என்ற யோசனை பழகிப்போனது. நாகர்கோவிலிலேயே அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது, வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொழிலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆசிரியர் ஒரு கேஸ் எழுதட்டும், போதும். இன்டஸ்ட்ரியல் விசிட் என்று பெங்களூருக்கு பஸ் பிடிக்கிற காசு மிச்சம். ஃபைலுக்கும் சான்று ஆகும்.

பிபிஏ பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். நான்கு பேரை வைத்து அறுபது இடத்தையே சமாளிக்க முடியவில்லை.

---

குழித்துறை ஆபீஸ் எழுதியது:

தோவாளை அண்ணாச்சி நேரத்தைப் பற்றிச் சொன்னார், சரி. நான் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறவள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் மேடம். டைரக்டர்கள் ஃபீஸ் விஷயத்தில் எங்களிடம் வருவது ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்றைக்குத்தான். பிள்ளை அழுதுகொண்டு நிற்கும், நீங்கள் "கொடுத்துருங்க" என்பீர்கள், மேலே இருந்து "கொடுக்காதே" என்பார்கள். திட்டு எங்களுக்கு.

பாக்கிப் பட்டியலை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இப்போது பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. அது வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. அந்தப் பாக்கியையும், கட்ட வசதி இருந்தும் கட்டாதவர் பாக்கியையும் ஒரே பட்டியலில் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தால் எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டுவார்கள். பிரித்துக் கொடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, அசல் சான்றிதழ். மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்தாகிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் அலுவலக பீரோவில் எத்தனை கிடக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். நாளைக்கு ஒரு பெற்றோர் எழுதிப்போட்டால் பதில் சொல்வது நீங்கள்தான்.

ஃபைலுக்கு ஒரு வழி: நாக்குக்குத் தனி, படிப்புக்குத் தரச்சான்று தருகிற என்பிஏவுக்குத் தனி, பல்கலைக்கழகத்துக்குத் தனி என்று ஆசிரியர்களிடம் ஒரே விவரத்தை மூன்று தடவை கேட்காதீர்கள். மாணவர் பெயர், வருகை, மார்க், வேலை கிடைத்த விவரம், ஆசிரியரின் கட்டுரை, எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் மாதம் ஒரு முறை ஏறட்டும். மூன்று படிவத்துக்கும் அதிலிருந்து நாங்கள் எடுத்து நிரப்பிக்கொள்வோம். ஆசிரியர் தட்டச்சு செய்கிற நேரமும் அண்ணாச்சி சொன்ன இருபத்திநாலில்தான் கழிகிறது.

---

தக்கலை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடியப்பட்டணம் சார், நீங்கள் சொன்னதும் மனதில் இருக்கிறது, பயோடேட்டாவைப் புதுப்பித்து வைத்துவிட்டேன்.

பீரோவைப் பார்த்தேன் அக்கா. கிடக்கிறது. முதல் வேலையாக முதல்வரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பெற்றோர் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

தாளாளரிடமும் பேசினேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி முதல் வருடப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிய தாளோடு போனேன். வகுப்பு நேரத்தில் யாரையும் எடுக்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அட்மிஷன் பிரிவுக்குப் போனவரைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் கெஸ்ட் லெக்சரர் ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மூன்று வருடப் பதவிக்காலம் என்றதும் சிரித்தார். "நீங்க இருக்குற வரைக்கும் நீங்கதான் மேடம்" என்றார். மே மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்கு "பாப்போம்" என்றார்.

கடிதத்தை என்னையே எழுதிக் கொண்டுவரச் சொன்னார், கையெழுத்துப் போடுகிறாராம். யாரிடமாவது மாதிரி இருக்கிறதா?

---

தோவாளைக்காரன் எழுதியது:

உங்களையே எழுதச் சொன்னாரா? நல்லதாகப் போயிற்று. என் பழைய கடிதத்தைத் தேடி, கல்லூரிப் பெயரை அடித்துவிட்டு இன்று ராத்திரிக்குள் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். டைம்டேபிளும் வகுப்பு நேரமும் முதல் பத்தியிலேயே வரட்டும். பதவிக்காலத்தைக் கடைசிப் பத்தியில் போடுங்கள், அவர் அடிப்பதானால் அதை அடித்துவிட்டு மற்றதற்குக் கையெழுத்துப் போடுவார். சம்பளத்தை இதில் சேர்க்காதீர்கள், அதை ஆறு பேரும் சேர்ந்து தனியாக எழுதிக் கொடுங்கள். விடுப்பில் இருக்கிற அம்மாவிடமும் கையெழுத்து வாங்குங்கள். கெஸ்ட் லெக்சரர் என்று அவர் வாயால் சொன்னதை விட்டுவிடாதீர்கள், எந்தப் பாடம், மணிக்கு எவ்வளவு என்று நாளைக்கே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள்.