745, 746 காட்ரிஜுக்கு வெளியில மைப் போத்தல் பூட்டினா மை திரும்பிப் போகுது. எங்க பிழை?

தெமட்டகொடை_டியூட்

பிரிண்டர் கெனன் எம்ஜி2570எஸ். கறுப்பு பிஜி-745, கலர் சிஎல்-746. கிழமைக்கு 250 பக்கம் மட்டில டியூட் (டியூஷன் வகுப்புக் குறிப்புத் தாள்) அடிக்கணும். ஒரு 745 சுமார் 180 பக்கத்தில முடிஞ்சிரும், அதனால நாலு போத்தலில மை ஊத்தி, டியூப் மூலமா காட்ரிஜுக்குப் போற மாதிரிப் பூட்டியிருக்கு.

பாவிச்ச சாமான்: ஜாம் போத்தல் 4, மீன் தொட்டிக் காத்து டியூப் ஒவ்வொரு கலருக்கும் 1 மீற்றர். காட்ரிஜ் மூடியில மெஷின் ட்ரில்லால ஓட்டை போட்டு, சுத்திவர ஹொட் குளூ. போத்தல்கள் அதே மேசையில, பிரிண்டருக்குப் பக்கத்தில.

கறுப்பு 15 பக்கம் நல்லா விழுது, பிறகு வெளுத்துக் கோடு கோடா வருது. இரவு அப்படியே விட்டா, காலையில டியூப்பில இருந்த மை பாதிக்கு மேல போத்தலுக்கே திரும்பிப் போயிருது. ஒரு தடிச்ச புத்தகத்துக்கு மேல போத்தலைத் தூக்கி வச்சா மை வருது, ஆனா விடியக்குள்ள பிரிண்டருக்குள்ள கறுப்புக் குளம். மஞ்சளிலயும் பச்சை அடிக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மைக்குழாய்

புத்தகத்தை முதல்ல எடுத்துருங்க. வருத்தம் மூடியில, உயரத்தில இல்ல.

745 மூடியில ஒட்டியிருக்கிற லேபலைக் கிழிச்சுப் பாருங்க. சின்ன ஓட்டைகளும், அதிலிருந்து பாம்பு மாதிரி வளைஞ்சு போற மெல்லிய வாய்க்கால்களும் இருக்கும். உள்ளே ஸ்பொஞ்சிலிருந்து மை குறையக் குறைய, அந்த வழியாத்தான் காத்து உள்ள போகுது. காட்ரிஜ் தனியா வேலை செய்யும்போது அது கட்டாயம் தேவை. டியூப் பூட்டினா கதை மாறுது: ஹெட் (காட்ரிஜ் அடியில மையைத் துப்புற பாகம்) மையைத் துப்பத் துப்ப உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகணும், அந்த உறிஞ்சல்தான் கீழே இருக்கிற போத்தலிலிருந்து மையை இழுக்கும். மூடியில காத்து சுலபமாப் போற வழி இருந்தா, மை ஏன் கஷ்டப்பட்டு டியூப்பில ஏறப்போகுது? முதல் 15 பக்கமும் ஸ்பொஞ்சில இருந்த மை. இரவில டியூப்பில இருக்கிற மை தன் பாரத்திலயே இறங்கிருது.

லேபலை முழுசா எடுத்து, ஸ்பிரிட்டால துடைச்சு, அரத்தாளால கொஞ்சம் தேய்ச்சு, ஓட்டை, வாய்க்கால் எல்லாத்துக்கும் மேல அரல்டைட் பசை பூசுங்க. ஒரு நாள் காய விடணும். ஹொட் குளூ டியூப் ஆடும்போது ஓரத்தால விட்டுப் போகும், கண்ணுக்குத் தெரியாது. டியூப் நுழையிற இடத்துக்கு ரப்பர் வளையம்தான் சரி.

பூட்ட முதல் சோதிச்சுப் பாருங்க. நொசிலுக்கு (ஹெட்டில மை வெளியில வாற நுண்ணிய துளைகள்) டேப் ஒட்டி, டியூப் நுனியில 5 மி.லீ. சிரிஞ்ச் மாட்டி, 3 மி.லீ. வரைக்கும் இழுத்து அரை நிமிஷம் பிடிச்சுட்டுக் கையை விடுங்க. தண்டு துள்ளித் திரும்பினா சரி. இழுத்த இடத்திலயே நின்னா எங்கயோ காத்துப் புகுது.

கலர் காட்ரிஜுக்கு இதே சோதனையை மூணு தடவை செய்யணும், ஒரு டியூப்பில சிரிஞ்ச், மத்த ரெண்டும் திறந்தபடி. மஞ்சளை இழுக்கும்போது நீலத்தால காத்து வந்தா, ரெண்டு அறைக்கும் நடுவில இருக்கிற சுவரில உங்க ட்ரில் பட்டிருக்கு. உங்க பச்சை அதாலயும் வரலாம். இல்லாட்டி அந்தக் கறுப்புக் குளம் வந்த மாதிரி கலரும் ஒழுகி, ஹெட் போய் உட்காருற பஞ்சில தேங்கி, அங்கிருந்து நீலம் மஞ்சள் நொசிலுக்குள்ள ஏறியிருக்கும். சுவர் சரியா இருந்தா, மஞ்சள் அறையிலிருந்து 3, 4 மி.லீ. உறிஞ்சி எடுத்தா நிறம் தெளியும்.

இன்னொண்டு: மெஷின் ட்ரில் வேண்டாம். பிளாஸ்டிக் தூள் ஸ்பொஞ்சில விழுந்தா எடுக்க ஏலாது. விரலால சுத்துற கைத்துளைப்பான் போதும், தூளை மூடிக்கு மேலயே டேப்பால ஒத்தி எடுக்கலாம். எந்த அறை எந்த நிறம் எண்டு இணையப் படத்தை நம்பாம, பல்லுக்குத்துற குச்சியை விட்டுப் பாருங்க.


கொட்டாஞ்சேனை_பெஞ்ச்

மூடி பற்றி மேல சொன்னது சரி. ஆனா டியூப்பும் பிழைதான்.

மீன் தொட்டி டியூப் உள் விட்டம் 4 மி.மீ. ஒரு மீற்றருக்கு 12.5 மி.லீ. மை நிக்கும். நாலு டியூப்பிலயும் சேர்த்து 50 கிராமுக்குக் கிட்ட பாரம் ஹெட்டோட அங்கயும் இங்கயும் ஓடுது, ஒவ்வொரு திருப்பத்திலயும் மை முன்னால மோதும். உள் விட்டம் 2 மி.மீ. சிலிக்கன் டியூப் எடுங்க. மீற்றருக்கு 3 மி.லீ.தான். நாலும் ஒட்டி நாடா மாதிரி வாறது இன்னும் நல்லம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில மை விக்கிற கடைகளில கேட்டுப் பாருங்க. சிரிஞ்சும், சேலைன் செட்டில வாற உருளைக் கிளிப்பும் ஃபார்மசியில கிடைக்கும். அந்தக் கிளிப்பை டியூப்பில போட்டு வச்சா, பிரிண்டரைத் தூக்கும்போது மையை மறிக்கலாம்.

நீளம்: ஹெட்டைக் கையால இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தள்ளிப் பாருங்க. ரெண்டு கோடியிலயும் டியூப் இழுபடவும் கூடாது, சுருண்டு பேப்பரில உரசவும் கூடாது. நடுவில ஒரு கிளிப்பால பிடிச்சிருங்க. பிரிண்டர் மூடிக்குள்ள டியூப் நசுங்கினா அந்த ஒரு கலர் மட்டும் மெதுவா மங்கும், பிறகு நாள் முழுக்க காட்ரிஜைச் சந்தேகப்படுவீங்க.

உயரம்: நொசில் பேப்பருக்கு ஒண்டு ரெண்டு மி.மீ. மேலதான் நிக்கும். பேப்பர் வெளியில வாற இடம் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் எண்டு அளந்தா அதுதான் நொசில் மட்டம். போத்தல் நிறைஞ்சிருக்கும்போது மை மட்டம் அதுக்கு 1 செ.மீ. கீழ, 4 செ.மீ. கீழ இறங்கினதும் திரும்ப ஊத்துங்க. மேல போனா குளம், ஆகலும் கீழ போனா வெளுப்பு.


லைன்_மார்க்

ஊத்த ஊத்த மட்டம் மாறுமே. போத்தலை இறுக்கி மூடி, மூடியால ஒரு காத்துக் குழாயை அடிவரைக்கும் விட்டா, உள்ள மை குறைஞ்சாலும் மட்டம் எப்பவும் அந்தக் குழாய் நுனியில நிக்கிற மாதிரித்தான் அமுக்கம் இருக்கும். பழைய பௌதிகப் பாடத்தில வாற மாரியட் போத்தல்.


கொட்டாஞ்சேனை_பெஞ்ச்

கணக்கு சரி, ஆனா நம்மட வெயிலுக்கு ஒத்துவராது. 250 மி.லீ. போத்தல் பாதி காலியா இருக்கு எண்டு வைங்க, 125 மி.லீ. காத்து. விடிய 26 பாகை, மத்தியானம் 32. அந்தக் காத்து 2.5 மி.லீ. விரியும். அவ்வளவு மையையும் அது காத்துக் குழாய்க்குள்ள தள்ளும். 4 மி.மீ. குழாயில 2.5 மி.லீ. எண்டா 20 செ.மீ. உயரம். மை போத்தலுக்கு வெளியில ஊத்தும், அதுக்கு முதல் நொசிலால கசியும்.

இந்த வேலைக்கெண்டே கடையில விக்கிற மை டாங்கில பெரிய அறைக்குப் பக்கத்தில சின்ன அறை ஒண்டு இருக்கிறது இதுக்குத்தான். அதன் பரப்பு 4 சதுர செ.மீ. எண்டா, அதே 2.5 மி.லீ.க்கு மட்டம் 6 மி.மீ.தான் ஏறும். வீட்டில செய்யிறதெண்டா அகலமான, குட்டையான டப்பா எடுங்க. 8 செ.மீ. அகல வட்ட டப்பாவில 100 மி.லீ. குறைஞ்சாலும் மட்டம் 2 செ.மீ.தான் இறங்கும், 5 செ.மீ. அகலப் போத்தல் எண்டா 5 செ.மீ. மூடியில ஊசித் துவாரம் ஒண்டு, அதுக்கு மேல தூசிக்குப் பஞ்சு. அந்தத் துவாரம் அடைபட்டா மை நிண்டுரும். யன்னலோரம் வைக்க வேண்டாம்.


தெமட்டகொடை_டியூட்

745 மூடியில நாலு ஓட்டை திறந்துதான் இருந்திச்சு. அரல்டைட் பூசியாச்சு, சிரிஞ்ச் துள்ளித் திரும்புது. 746இல மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில காத்துப் போகுது, அதை மாத்தணும் போல. டியூப்பில காத்துக் குமிழி இல்லாம மை ஏத்துறது எப்படி? 1688 எண்டு கம்ப்யூட்டரில வந்து நிக்குது, அதுக்கு?


மைக்குழாய்

சுவர் போன 746ஐ ஒட்டி மினக்கெட வேண்டாம், மாத்துங்க.

முதல்ல ஸ்பொஞ்சை நிரப்புங்க, ஊசியால மெதுவா, மை மேல ததும்புற வரைக்கும் இல்ல. பிறகு காட்ரிஜ் பக்க நுனியில சிரிஞ்ச் மாட்டி, டப்பாவிலிருந்து டியூப் முழுக்க மை வரும்வரை இழுங்க. நுனியில ஒரு துளி தொங்கும்போது கிளிப்பை மூடி, சிரிஞ்சைக் கழட்டி, அந்தத் துளியோடயே காட்ரிஜில செருகுங்க. நுனியைச் சரிவா வெட்டினா ஸ்பொஞ்சில முட்டினாலும் வாய் அடைபடாது. கிளிப்பைத் திறந்துட்டு, பிரிண்டரில போட முதல் ரிஷூ மேல பத்து நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. ஒத்தின அடையாளம் வரலாம், பரவிக்கொண்டே போனா டப்பாவைக் கீழ இறக்கணும்.

1686, 1688 ரெண்டும் மை முடிஞ்சிருக்கலாம், முடிஞ்சுது எண்டு பிரிண்டர் தன் கணக்கில சொல்றது. ஸ்டொப் பட்டனை 5 செக்கனுக்கு மேல அமத்திப் பிடிங்க, அந்தக் காட்ரிஜுக்கு மை கணக்குப் பார்க்கிறதை விட்டுரும். அதுக்குப் பிறகு மை முடிஞ்சாலும் எச்சரிக்கை வராது, கண்ணால பார்க்கணும். இந்த ஹெட் சூடாக்கித்தான் மையைத் துப்புது, அதைக் குளிர வைக்கிறதும் அதே மைதான். வெளுத்த பிறகும் அடிச்சுக்கொண்டே போனா நொசில் எரிஞ்சு போகலாம், அப்படிப் போனா எந்தக் கிளீனிங்காலயும் திரும்ப வராது.

745 கறுப்பு பிக்மென்ட் (கரையாத நிறத்தூள்) மை, 746இல இருக்கிற மூணும் டை (கரைஞ்ச சாயம்) மை. கறுப்பு டப்பாவில டை கறுப்பை ஊத்திக் கலந்தா கட்டிபடும். பிக்மென்ட் அடியில படியும், மாசத்துக்கு ஒருக்கா டப்பாவை மெதுவா அசைங்க. டியூட்டில வேர்வைக் கை பட்டாலும் எழுத்து கலையாம இருக்கவும் பிக்மென்ட்தான் நல்லம்.


ரிப்பேர்_மேசை

ஒண்டே ஒண்டு: கிளீனிங் பட்டனைச் சும்மா சும்மா அமத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் உறிஞ்சுற மை அடியில இருக்கிற கழிவுப் பஞ்சுக்குப் போகுது. அதுக்கும் பிரிண்டர் கணக்கு வச்சிருக்கு. 1700 எச்சரிக்கை, 5பி00 வந்தா பிரிண்டர் நிண்டுரும். நொசில் செக் ஒரு தாள் அடிச்சுப் பார்த்துட்டு, தேவைப்பட்டா ஒரு கிளீனிங், சரிவராட்டி ரெண்டு மணித்தியாலம் விட்டுட்டு அடுத்தது. குமிழிக்கு அந்த நேரமே மருந்து.

அடிக்கும்போது கரண்ட் போனா ஹெட் நடுவழியில திறந்தபடி நிக்கும். கரண்ட் வந்ததும் பிரிண்டரைப் போட்டு, பட்டனாலயே நிப்பாட்டுங்க, அப்பத்தான் ஹெட் போய் மூடிக்குள்ள உட்காரும். சுவர் சுவிட்சால நிப்பாட்டுற பழக்கம் இருந்தா, டியூப் எவ்வளவு திறமாப் பூட்டினாலும் மை காஞ்சு போகலாம்.